இந்தோ-சாரசெனிக் = காலனியக் கலப்புப் பாணி?

வணக்கம் நண்பர்களே,

'இந்தோ-சாரசெனிக்' என்ற ஆங்கிலேயர் காலக் கட்டடப் பாணிக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> 'இந்திய-இஸ்லாமியப் பாணி' என்றே வைத்துவிடலாம். குவிமாடம் இருக்கிறது, மினார் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டடக் கலைஞர் பிராசிங்டன் முதல் வரைபடம் போட்டார், இன்னொரு கட்டடக் கலைஞரான ஹென்றி இர்வின் அதை வளர்த்து முடித்தார், கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். 1892 ஜூலை 12-இல் திறந்தார்கள். செங்கல் சுவர்கள், குமிழ் போல் உப்பிய குவிமாடங்கள், விளிம்பில் இதழ் இதழாக வெட்டிய வளைவுகள். இதுவரை முகலாயச் சாயல்தான், சரி. உள்ளே போனால் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். அவை ஐரோப்பிய தேவாலய மரபு. வழக்காடும் கூடங்களோ ஆங்கிலேய நீதிமுறைக்கென்றே வகுத்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம்! 1894 முதல் 1977 வரை சென்னைக்கு வந்த கப்பல்களுக்கு அதுதான் வழிகாட்டி. மசூதியின் மினார் வடிவத்தை எடுத்து மாலுமிக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். இதை 'இஸ்லாமிய' என்ற ஒற்றைச் சொல்லில் எப்படி அடக்குவது?

'சாரசென்' என்பதே சிலுவைப் போர்க் கால ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய பெயர். அதைத் தமிழில் சுமக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. தவிர, இதே இர்வின் வடிவமைத்த மைசூர் அரண்மனையில் இந்துக் கோயிற்கலையின் கூறுகள் நிறைய உண்டு. நாம் ஆக்கும் சொல் அதற்கும் பொருந்த வேண்டும்.

'காலனியப் பாணி' என்று சுருக்கலாம் என இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அதற்கும் நீதிமன்ற வளாகமே தடை சொல்கிறது. அங்கே 1844-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது, கிரேக்க டோரிக் தூண் வடிவில். அதுவும் காலனியக் காலத்ததுதான், ஆனால் அதில் இந்தியச் சாயல் துளியும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் கலைச்சொல்லாகாது.

அதனால் 'காலனியக் கலப்புப் பாணி' என்று முன்மொழிகிறேன். 'காலனிய' காலத்தைச் சொல்கிறது, 'கலப்பு' டோரிக் தூணை விலக்குகிறது. 'கலவை' என்றால் சிமெண்டுக் கலவை நினைவுக்கு வரும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

இந்தப் பாணிக் கட்டடங்களின் உறுப்புகளுக்கு என் சொற்கள்: உப்பிய குவிமாடம் 'குமிழ்மாடம்', இதழ் வெட்டிய வளைவு 'இதழ்வளைவு', கூரைமேல் தூண்கள் தாங்கும் சிறு மண்டபமான சத்ரி 'குடைமாடம்'. கடைசிச் சொல்லில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு, பாறையைக் குடைந்த 'குடைவரை'க் கோயில்களைப் பற்றிப் படித்தவர்கள் குடைந்தெடுத்த மாடம் என்று கொள்ளக்கூடும். அதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.