சான் ஆன்டோனியோவின் சிறிய டெக்ஸ்-மெக்ஸ் கடையில் சைவப் பெற்றோருக்கு எதை வாங்கித் தரலாம்?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் ஆன்டோனியோவில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய டாக்கோ கடை இருக்கிறது. டாக்கோ என்பது டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியில் உள்ளீடு வைத்து மடித்தது; கடையின் சமையல் டெக்சாஸில் வளர்ந்த மெக்சிகோ வழி உணவான டெக்ஸ்-மெக்ஸ். மேசைகள் குறைவு, உரத்த இசை இல்லை, வருபவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து முதியவர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோருக்கு அந்த அமைதி பிடிக்கும் என்று நினைக்கிறேன். இருவரும் சைவம், அப்பா மட்டும் முட்டை சாப்பிடுவார். சீஸ் என்சிலாடா (உள்ளீடு வைத்துச் சுருட்டி, மேலே குழம்பு ஊற்றிய டோர்ட்டியா), பீன்ஸ் டாக்கோ என்று இறைச்சி இல்லாதவை போலத் தோன்றும் உணவுகள் பட்டியலில் உள்ளன. அவற்றை நம்பி வாங்கலாமா? மேலும், இது அசல் மெக்சிகோ உணவே அன்று, மஞ்சள் சீஸைக் கொட்டி அமெரிக்கர்களுக்காக மாற்றியது என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். அப்படியானால் வேறு இடம் தேடுவது நல்லதா?

மறுமொழி 1:
தயவுசெய்து பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டெக்ஸ்-மெக்ஸ் சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் அதிகம் இருக்கும். சீஸ் என்சிலாடாவின் உள்ளே வெறும் சீஸும் வெங்காயமும் இருந்தாலும், அதன்மேல் ஊற்றப்படும் செந்நிறச் சில்லி கிரேவியைப் பெரும்பாலும் கொழுப்பில் மாவை வறுத்து, மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்த்து, மாட்டிறைச்சிச் சாற்றில் கொதிக்கவைப்பார்கள். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சாறாக வரும் சார்ரோ பீன்ஸில் பேக்கன் என்னும் பன்றி இறைச்சித் துண்டுகளே மிதக்கும். தக்காளி நிறத்தில் வரும் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. கோதுமை டோர்ட்டியாவைப் பன்றிக் கொழுப்பில் பிசையும் கடைகள் இன்றும் இருக்கின்றன. தாவரக் கொழுப்புக்கு மாறிவிட்ட கடைகளும் பல. ஆகவே கடைக்குக் கடை கேட்டுத்தான் ஆக வேண்டும். பன்றிக் கொழுப்பை ஸ்பானிய மொழியில் 'மான்டேக்கா' என்பார்கள். "பீன்ஸில் மான்டேக்கா இருக்கிறதா, சோற்றில் கோழிச் சாறு இருக்கிறதா" என்று கேட்டால், தாமே சமைப்பவர்கள் என்பதால் இத்தகைய குடும்பக் கடைகளில் தெளிவான பதில் கிடைக்கும்.

மக்காச்சோள டோர்ட்டியாவில் பொதுவாகக் கொழுப்பே சேர்ப்பதில்லை. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, கழுவி, அரைத்த மாவை வெறும் கல்லில் சுடுவார்கள். அதில் குவாக்கமோலே என்னும் மசித்த வெண்ணெய்ப்பழமும் வதக்கிய மிளகாய், வெங்காயமும் வைத்துத் தரச் சொன்னால் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும். காலையில் சென்றால் அப்பாவுக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்த டாக்கோ இருக்கிறது. அதை எந்தக் கொழுப்பில் வதக்குகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
உணவு விவரங்களில் மேலே எழுதியவரோடு முழுதும் உடன்படுகிறேன். உங்கள் சக ஊழியர் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டெக்சாஸ் நிலம் மெக்சிகோவின் பகுதியாக இருந்த காலத்திலிருந்தே அங்கு வாழும் குடும்பங்கள், தங்களுக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு, தங்களுக்காகச் சமைத்து வளர்த்த உணவு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உங்கள் ஊரின் மிலிட்டரி பிளாசா சதுக்கத்தில், 'சில்லி குவீன்ஸ்' என்று அழைக்கப்பட்ட பெண்கள் மாலை வேளைகளில் மேசை போட்டு, விளக்கேற்றி, சில்லி என்னும் காரமான இறைச்சிக் குழம்பும், மக்காச்சோள மாவில் உள்ளீடு வைத்து ஆவியில் வேகவைத்த தமாலேயும் விற்றார்கள். சுகாதார விதிகளைக் காரணம் காட்டி நகராட்சி பின்னாளில் அவர்களை அகற்றியது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. அந்த ஊரைத்தான் 2017-இல் யுனெஸ்கோ உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. மெக்சிகோ நகரத்து உணவோடு ஒப்பிட்டு இதைப் போலி என்று தள்ளுவது, சமைத்தவர்களின் வரலாற்றையே தள்ளுவதாகும்.

அந்தக் கடையில் பஃபி டாக்கோ இருந்தால் கட்டாயம் சுவையுங்கள்; சான் ஆன்டோனியோவுக்கே உரியது என்று அந்த ஊரார் பெருமை கொள்ளும் உணவு அது. சுடாத சோளமாவு வட்டத்தை நேரே எண்ணெயில் போட, அது நம் பூரியைப் போல் உப்பும்; உப்பும்போதே கரண்டியால் நடுவில் அழுத்தி மடித்துவிடுவார்கள். குவாக்கமோலே வைத்தும் தருவார்கள், ஆனால் அதே எண்ணெயில் இறைச்சியையும் பொரிக்கிறார்களா என்று உங்கள் பெற்றோருக்காகக் கேட்டாக வேண்டும். ஆறினால் தொய்ந்துவிடும் என்பதால் வீட்டுக்குக் கட்டி எடுத்துச் செல்ல ஏற்றதன்று.

மறுமொழி 3:
நேரத்தைப் பற்றி ஒரு சொல். இத்தகைய கடைகள் பலவும் விடியற்காலையில் திறந்து பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கே மூடிவிடும். வார இறுதிக் காலைகளில் பார்பகோவா என்னும் மாட்டுத் தலை இறைச்சியும் மெனுடோ என்னும் மாட்டு இரைப்பைச் சூப்பும் வாங்கக் கூட்டம் சேரும். அந்த இறைச்சியின் மணமும் அப்போது ஓங்கியிருக்கும். உங்கள் பெற்றோருக்கு அது ஒவ்வாமல் போகலாம். வேலைநாளில், மதியக் கூட்டம் கலைந்தபின் ஒன்றரை மணியளவில் செல்லுங்கள். சமையற்கட்டில் இருப்பவருக்கும் உங்கள் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். அமர்ந்தவுடன் வரும் சிப்ஸுக்கும் சல்சாவுக்கும் பல கடைகளில் தனி விலை இல்லை. மேசைக்கு வந்து பரிமாறினால் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை டிப்ஸ் வைப்பது வழக்கம்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நாளை நான் மட்டும் முதலில் சென்று பீன்ஸ், சோறு, பொரிக்கும் எண்ணெய் மூன்றையும் பற்றிக் கேட்டு வந்து, வியாழக்கிழமை மதியம் அவர்களை அழைத்துச் செல்கிறேன்.