ரொட்டி இயந்திரத்தில் ரொட்டியின் நடுப்பகுதி குழிந்துவிடுகிறது: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறையில் வசிக்கும் நான் ஐந்து மாதங்களாக வீட்டு ரொட்டி இயந்திரம் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் அழகாக உப்பி வந்த ரொட்டி, பங்குனி வெயில் தொடங்கியதிலிருந்து மூடியைத் தொடுமளவுக்கு எழும்பி, சுடத் தொடங்கியதும் நடுவில் குழிந்துவிடுகிறது.

400 கிராம் மைதாவுக்கு 260 மில்லி தண்ணீர், 7 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்பதே என் அளவு. வெக்கையில் ஈஸ்ட் விரைந்து வேலை செய்ய, இயந்திரமோ தனக்குக் குறித்த நேரம் முடியும்வரை காத்திருப்பதால், மாவு அளவு மீறிப் புளித்துப் பிடிமானத்தை இழக்கிறது என்று நினைக்கிறேன். ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஓரளவே பலன் கிடைத்தது. ஈஸ்டை 3 கிராமாகக் குறைத்தால் போதுமா, தண்ணீரையும் குறைக்க வேண்டுமா?

மில்லில் அரைத்த கோதுமை மாவில் செய்தால் நேர்மாறாக எழும்பவே மறுக்கிறது. தவிடு அதிகத் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் 30 மில்லி கூட்டியும் பயனில்லை. "செங்கல்லையா சுட்டு வெச்சிருக்கற, கண்ணு?" என்று அம்மாயி கேட்டதில் தவறொன்றும் இல்லை. பாதி மைதா கலப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதே வெயிலில் ரொட்டி சுடுபவர்கள், தங்கள் அளவுகளைக் கிராம் கணக்கில் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும். எங்கள் வீட்டுக் கரண்டிகளை நம்ப முடியவில்லை.