பெரிய நிறுவனப் புராஜெக்டில் அஜைல்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

டெலிவரி மேனேஜர், காப்பீட்டுத் துறை, சென்னை:

நானே தொடங்கி வைக்கிறேன். அஜைல் என்றால் மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறை. ஐரோப்பாவில் உள்ள ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்துக்கு பாலிசி நிர்வாக அமைப்பைப் புதிதாக எழுதிக் கொடுக்கும் வேலை. சோழிங்கநல்லூரில் ஏழெட்டு டீம், கிளையண்ட் பக்கம் இன்னும் சில டீம். தினசரி சிறு கூட்டமான ஸ்டாண்டப், இரண்டு வார வேலைச் சுற்றான ஸ்பிரிண்ட், அதன் முடிவில் செய்ததைக் காட்டும் டெமோ எல்லாம் முதல் சில மாதங்களிலேயே ஒழுங்காக அமைந்துவிட்டன. ஆனாலும் வேலை நகரவில்லை. முடிவெடுக்கக்கூடிய ஆள் எந்த டீமிலும் இல்லை என்பதுதான் காரணம்.

எதை எப்படிச் செய்வது என்று கிளையண்ட் சார்பில் தீர்மானிக்க வேண்டியவர் ப்ராடக்ட் ஓனர். எங்களுக்குக் கிடைத்தவர் உண்மையில் ஒரு பிசினஸ் அனலிஸ்ட், தேவைகளைக் கேட்டு எழுதுபவர். திறமையான பெண். ஆனால் "பிரீமியம் கட்டத் தவறினால் எத்தனை நாள் அவகாசம்?" என்ற கேள்விக்குக்கூட அவர் அண்டர்ரைட்டிங் (காப்பீடு கொடுக்கலாமா என்று மதிப்பிடுவது), கிளெய்ம்ஸ் (இழப்பீடு), கம்ப்ளையன்ஸ் (விதிமுறை) என்று மூன்று துறைக்கும் மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு துறை மறுத்தாலும் ஸ்டோரி, அதாவது பட்டியலில் உள்ள அந்தச் சிறு வேலை, அப்படியே நிற்கும். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் பிரகடனம், வணிகத் தரப்பினரும் டெவலப்பர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறது. ஒரு சின்ன கம்பெனியில் அது நாற்காலியை நகர்த்திப் போடுகிற வேலை. பல ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் அதற்கு அதிகாரத்தையே மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கிளையண்டின் துறைத் தலைவர்களிடம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சட்டத்தோடும் காப்புத் தொகையோடும் தொடர்பில்லாத எல்லா விதிகளையும் ஒரே ஒரு அண்டர்ரைட்டர் தீர்மானிப்பார். அவருடைய பழைய வேலைகளில் பாதியை வேறொருவர் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். ஏற்கெனவே முழுநேர வேலை இருப்பவரை "நீங்களே ப்ராடக்ட் ஓனர்" என்று அறிவித்துவிட்டால் அவர் டெமோவுக்கு மட்டும்தான் வருவார்.

அடுத்தது ஒப்பந்தம். எங்களுடையது ஃபிக்ஸட் பிரைஸ், அதாவது விலை முன்பே முடிவானது. தேவைப் பட்டியல் ஒப்பந்தத்தின் இணைப்பாகவே இருந்ததால், ஒரு வரி மாறினாலும் சேஞ்ச் ரெக்வெஸ்ட் போட வேண்டும். இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: இன்னும் தொடாத ஒரு ஸ்டோரியை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள வேறொன்றைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு பத்தி எங்களுக்குக் கொடுத்த சுதந்திரத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் கொடுத்ததில்லை.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் நலத்திட்டத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புரியும். அரசு அளவில் அவ்வளவு பெரிய திட்டத்தை அஜைலில் செய்ய முயன்றார்கள். 2013 செப்டம்பரில் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, பழைய ஒப்பந்த முறைகளுக்குள்ளும் நிர்வாகக் கட்டமைப்புக்குள்ளும் அஜைலைப் பொருத்துவதில் இருந்த சிக்கலைக் குறிப்பிட்டுச் சொன்னது. அதற்குள் 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள ஐடி வேலையை வீண் என்று கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியதாயிற்று. கீழே இரண்டு வாரச் சக்கரம், மேலே ஆண்டுக் கணக்கில் ஓடும் சக்கரம் என்று வைத்தால் பல் உடையும்.

டெஸ்ட் லீட், வங்கித் துறை:

சார் சொன்னது சரி. அதோடு ஒருங்கிணைப்பையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

எங்கள் வங்கிப் புராஜெக்டில் ஒவ்வொரு டீமும் தன் ஸ்டோரியை "முடிந்தது" என்று மூடிக்கொண்டே வந்தது. எல்லாரும் மற்ற டீமின் பகுதிக்குப் பதிலாக ஸ்டப் என்ற போலிப் பகுதியை வைத்துச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் இணைத்துச் சோதிக்கும் சூழல் ஒன்றே ஒன்றுதான். அதை முன்பதிவு செய்துதான் பயன்படுத்த வேண்டும், வரிசையோ நீளம். கடைசியில் "ஹார்டனிங் ஸ்பிரிண்ட்" என்று, குறைகளைச் சரிசெய்ய மட்டும் ஒன்றை வைத்து எல்லா டீமின் நிரலையும் சேர்த்தபோது, நாள் முடிவு பேட்ச் (அன்றைய கணக்குகளை மொத்தமாக முடிக்கும் ஓட்டம்) ஓடவே இல்லை. வட்டிக் கணக்கு எழுதிய டீம் தேதியை ஒரு வடிவத்தில் அனுப்புகிறது, லெட்ஜர் (கணக்குப் பேரேடு) டீம் வேறு வடிவத்தில் எதிர்பார்க்கிறது. மாதக் கணக்கில் இரண்டு பக்கமும் சோதனை தேறியதாக, பச்சையாகத்தான் காட்டியிருக்கிறது.

"முடிந்தது" என்பதற்கான நிபந்தனையை மாற்றச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். பொதுச் சூழலில் நாள் முடிவு பேட்ச்சைத் தாண்டாத எதையும் டெமோவில் காட்டக் கூடாது. முதல் சில ஸ்பிரிண்டுகளில் டெமோ கிட்டத்தட்ட காலி. மேலிடத்தில் பதறினார்கள். அப்புறம் சூழலுக்குப் பணம் ஒதுக்கினார்கள். உண்மையான வாடிக்கையாளர் விவரங்களை மறைத்துத் தயாரித்த டெஸ்ட் டேட்டாவும் வந்தது. அந்த டேட்டா இல்லாமல் வங்கியில் அஜைல் செய்வது எப்படி என்று எனக்கு இன்றுவரை யாரும் காட்டவில்லை.

அமெரிக்காவின் எஃப்பிஐ கதையை எங்கள் டீமில் அடிக்கடி சொல்வேன். வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலருக்குப் பிறகு 2005-இல் கைவிடப்பட்டது. அடுத்து வந்த சென்டினல் திட்டமும் தாமதமானதால், 2010-இல் எஃப்பிஐ அதை ஒப்பந்ததாரரிடமிருந்து தன் கைக்கு எடுத்து, சின்ன அணியோடு இரண்டு வார ஸ்பிரிண்டுகளில் முடிக்க முனைந்தது. 2012 ஜூலையில் பயன்பாட்டுக்கும் வந்தது. பொதுவாகச் சொல்லப்படுவது இதோடு முடிகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது 2011 அக்டோபரில் நடந்த சோதனை. நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்த வைத்தார்கள். அமைப்பு நின்றுபோனது, இருக்கும் ஹார்டுவேர் போதாது என்று தெரிந்தது. அந்தச் சோதனையை ஊழியர்களை வைத்தே செய்ததால்தான் அது வெளியீட்டுக்கு முன்னால் தெரிந்தது. சுமைச் சோதனையைத் தனித்தனி ஸ்டோரிக்குள் அடைக்க முடியாது, அதற்குத் தனி இடம் வேண்டும்.

மெயின்ஃபிரேம் டெவலப்பர், கோயம்புத்தூர்:

மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினியில் கோபோல் (COBOL) என்ற பழைய மொழியில் நிரல் எழுதுபவர்களின் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் டீமையும் ஸ்பிரிண்டுக்குள் தள்ளினார்கள். ஆனால் எங்களிடம் வரும் வேலையில் பாதி திட்டமிட்டு வருவதில்லை. ராத்திரி தானாக ஓடும் ஒரு ஜாப் பாதியில் நின்றுவிட்டால் அன்றைய திட்டம் அதோடு போச்சு. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் "சொன்னதை முடிக்கவில்லை" என்ற பெயர் எங்களுக்கு. ஸ்பிரிண்ட் இல்லாமல் வேலைகளை வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுக்கும் கான்பான் முறைக்கு மாறக் கேட்டோம். ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்று வரம்பு வைத்தோம். அவசர வேலைக்குத் தனி வரிசை. மற்ற டீம்களோடு நாங்கள் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: காப்பிபுக் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தரவு வடிவ வரையறை) மாறுவதாக இருந்தால் முதலில் இடைமுகத்தை எழுதி உறுதி செய்துவிடுவோம், உள்ளே எப்போது முடியும் என்பது எங்கள் வரிசைப்படி. எல்லா டீமும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள்.

பல டீம்களைச் சேர்த்து அஜைல் செய்வதற்கான சேஃப் (SAFe) முறையில் வரும் பிஐ பிளானிங் என்ற திட்டமிடல் கூட்டத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். 50 முதல் 125 பேர் வரை இரண்டு நாள் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த 8 முதல் 12 வாரத்துக்குத் திட்டம் போடுவது பெரிய செலவுதான். ஆனாலும் யாருடைய வேலை யாருக்காகக் காத்திருக்கிறது என்று பலகையில் சிவப்பு நூல் கட்டிக் காட்டுவார்களே, அதற்காக மட்டும் நான் அந்தக் கூட்டத்தை ஆதரிப்பேன். எங்கள் டீமை நோக்கி எத்தனை நூல் வருகிறது என்று மேலாளர்கள் அன்றுதான் பார்த்தார்கள். இரண்டு பேரை எங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் உள்ள மற்ற சடங்குகளை வெட்டலாம், அந்தப் பலகையை மட்டும் விடாதீர்கள்.

ஸ்க்ரம் மாஸ்டர், பெங்களூரு:

சுருக்கமாக ஒன்று. டீம்களின் வெலாசிட்டியை, அதாவது ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயிண்ட் எண்ணிக்கையை, ஒரே எக்செல்லில் போட்டு ஒப்பிடுகிறார்கள் என்றால் அதை முதலில் நிறுத்துங்கள். பாயிண்ட் என்பது ஸ்டோரியின் அளவுக்கு அந்தந்த டீம் தானே போடும் மதிப்பு; ஒரு டீமின் 5 பாயிண்ட் இன்னொரு டீமின் 5 பாயிண்ட் இல்லை. ஒப்பிடத் தொடங்கியதும் எல்லா ஸ்டோரியின் பாயிண்டும் தானாக ஏறிவிடும், அடுத்த மாதம் அந்த எண்ணை வைத்து எதையும் திட்டமிட முடியாது. நாங்கள் அதை எடுத்துவிட்டு, ஒரு கோரிக்கை வந்த நாளிலிருந்து பயனர் கையில் சேர எத்தனை நாள் ஆனது என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். வேலை எந்த மேசையில் தூங்குகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

ஜூனியர் டெவலப்பர்:

எல்லாருக்கும் நன்றி. டெஸ்ட் லீட் அக்காவிடம் ஒரு கேள்வி. எங்கள் கோட் இரண்டு வாரத்தில் தயாராகிவிடுகிறது. ஆனால் ப்ரொடக்‌ஷனுக்கு (உண்மைப் பயன்பாட்டுக்கு) போக, மாற்றங்களை ஆராயும் குழுவான சேஞ்ச் போர்டின் அனுமதி வேண்டும், ஆடிட்டர் கேட்கும் ஆவணங்கள் வேண்டும், காலாண்டு முடிவில் எந்த மாற்றமும் கூடாது என்ற ஃப்ரீஸ் வேறு. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

டெஸ்ட் லீட், வங்கித் துறை:

தம்பி, சேஞ்ச் போர்டோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: எழுதியவரே அனுமதித்தாரா, என்ன சோதித்தீர்கள், கெட்டுப்போனால் எப்படித் திரும்புவீர்கள். நாங்கள் ஆடிட்டரை ஸ்பிரிண்டின் நடுவிலேயே கூப்பிட்டு, இந்த மூன்றுக்கும் பைப்லைன் (நிரலைச் சோதித்து வெளியிடும் தானியங்கித் தொடர்) தானாகவே பதிவு விடும்படி அமைத்துக் காட்டினோம். நிரலைப் பார்வையிட்டவர் பெயர், சோதனை முடிவு, பழைய பதிப்புக்குத் திரும்பும் ஒத்திகை எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஆபத்து குறைந்த மாற்றங்களை முன்அனுமதி பெற்ற வகையாக வைக்கச் சொல்லிக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். திரை வாசகம், ரிப்போர்ட் வடிவம் மாதிரியானவை இப்போது போர்டுக்குப் போவதே இல்லை. பணம் நகரும் எதுவும் இன்னும் போர்டுக்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். ஃப்ரீஸ் நேரத்தில் நிரலை அனுப்பிவிட்டு ஃபீச்சரை ஸ்விட்ச்சில் அணைத்து வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தோம். எங்கள் வங்கி மறுத்துவிட்டது. உங்கள் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.