பொருள்: 'மதிப்புப் பொறி' வேண்டாம், 'பதர்மலிவு' பொருந்துமா?

> விலை சரிந்து, மலிவாகத் தெரிந்து, வாங்கியவரைச் சிக்கவைக்கும் தொழில்நுட்பப் பங்குக்கு (ஆங்கிலத்தில் value trap) 'மதிப்புப் பொறி' என்று போடலாமா?

அண்ணாச்சி, வணக்கம்.

'பொறி' எனக்கு உறுத்துகிறது. நீங்கள் எலிப்பொறியை நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பொறியியல், தேடுபொறி என்று பழகிய பிள்ளைகள் எந்திரம் என்றுதான் வாசிப்பார்கள். கணினி நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில், மதிப்பை உண்டாக்கும் எந்திரம் என்று பொருளே தலைகீழாகிவிடும்.

நம்ம பக்கம் பிசான அறுவடைக் களத்திலேயே சொல் கிடக்கிறது. மணி பிடிக்காத பதர் கலந்தால் அம்பாரம் பெரிதாகத் தெரியும். சுளகில் அள்ளித் தூற்றினால் பறந்துவிடும். அதனால் 'பதர்மலிவு'. பிளாக்பெரி தயாரித்த நிறுவனத்துக்கு 2011 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் லாபம் சுமார் 340 கோடி டாலர். அந்த ஆண்டே பங்கின் விலை, வருவாயில் (ஒரு பங்குக்கு விழும் ஆண்டு லாபத்தில்) 5 மடங்குக்கும் கீழே இறங்கியது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டிருந்ததை அந்த 5 காட்டவில்லை. 2014 நிதியாண்டில் நஷ்டம் ஏறத்தாழ 590 கோடி டாலர்.

> தம்பி, பதர் நல்லாருக்கு. ஆனா எல்லாத்தையும் பதர்னு தள்ளீர முடியுமா? மெமரி சிப் கம்பெனிக்கு வாரது நெசமான லாபம்லா.

ஆமாம் அண்ணாச்சி, அதை நான் யோசிக்கவில்லை. மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரானுக்கு 2018 நிதியாண்டில் லாபம் சுமார் 1,400 கோடி டாலர். ஆண்டு முடிகையில் விலை, வருவாயில் 5 மடங்குகூட இல்லை. மறு ஆண்டு லாபம் பாதிக்கும் கீழே. 2023 நிதியாண்டில் 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இங்கே மணி இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பது எதற்கு? காய்ந்தால் எடை குறையும். சிப் விலை உச்சத்தில் இருக்கும்போது வரும் லாபம் ஈரநெல் எடை. ஆகவே இதற்குத் தனியாக 'ஈரமலிவு'.

இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். பதரைக் காயவைத்துப் பயனில்லை. ஈரநெல்லைக் காயவைத்து விலை பேசலாம். நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு எல்லாம் சேர்த்துச் சராசரி வருவாயைப் பார்த்து, அதற்கு விலை மலிவா என்று கேட்க வேண்டும். இவ்வகை நிறுவனங்களில் அந்த மடங்கு கூடுதலாகவோ, லாபமே இல்லாமலோ தெரியும் காலம்தான், பல சமயங்களில், வாங்கத் தோதான காலம்.

அந்தச் சராசரி வருவாய்க்கும் ஒரு சொல் வேண்டும். நெல் சரியாகக் காயாவிட்டால் களத்தில் 'காய்ச்சல் பத்தலை' என்போம். ஆனால் 'காய்ச்சல் வருவாய்' என்று அச்சில் போட்டால் மாத்திரை தேடுவார்கள். 'உலர்வருவாய்' என்று வைத்திருக்கிறேன். வயல் வைத்திருப்பவர் நீங்கள், காதுக்கு ஒட்டுகிறதா சொல்லுங்கள்.