வீட்டிலிருந்து வேலை: எல்லா அழுத்தமும் கெட்டதா?

மாறன்:
வீட்டிலிருந்து வேலை என்றாலே மன அழுத்தம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடலின் அழுத்த எதிர்வினையைப் பற்றி 1936-இல் எழுதிய மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே, பிற்பாடு தானே நல்ல அழுத்தம், கெட்ட அழுத்தம் என்று பிரித்துக் காட்டினார். இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கும். மாலைக்குள் ஒரு பிழையைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற நிலையில், பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காமல், நானே உட்கார்ந்து தீர்க்கும்போது வரும் படபடப்பு எனக்கு வேண்டும். அலுவலகத்தில் அது கிடைத்ததே இல்லை.

இரவுவானம்:
மாறன், உங்கள் படபடப்பு மாலையோடு முடிந்துவிடுகிறது. என்னுடையது முடிவதில்லை. சாப்பிட எழுந்தால்கூட, அலுவலகச் செயலியில் நான் வேலையில் இருப்பதாகக் காட்டும், என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமே என்று ஓடிவந்து மவுஸை அசைக்கிறேன். இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தால், பதில் போடும்வரை தூக்கம் வராது. இதையும் நல்ல அழுத்தம் என்பீர்களா?

மாறன்:
இல்லை. ஆனால் அது நேரம் காலம் பார்க்காமல் உழைப்பதால் வருவது. அலுவலகத்திலும் வரும். வீட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இரவுவானம்:
அலுவலகத்துக்கு ஒரு வாசல் இருந்தது. அதைத் தாண்டினால் வேலை அங்கேயே நின்றுவிடும். இப்போது படுக்கைக்கு அருகிலேயே மடிக்கணினி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னதைப் பாருங்கள்: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். வீட்டில் அந்த 55-ஐத் தாண்டுவது கண்ணுக்கே தெரிவதில்லை.

நூல்கண்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னது உங்கள் இருவருக்கும் பொருந்தும். வேலைப் பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமையும் அதிகம் என்றால் மனிதர் அதில் வளர்கிறார். பளு மட்டும் இருந்து உரிமை இல்லையென்றால் உடைந்து போகிறார். எப்போது, எப்படிச் செய்வது என்பது மாறன் கையில் இருக்கிறது. இரவுவானத்துக்கு அது இல்லை.

மாறன்:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். என்னை யாரும் புள்ளி வைத்துக் கண்காணிப்பதில்லை. அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும், ஆறு மணிக்கு மேல் அறிவிப்புகளை அணைத்து வைக்க ஒரு முறையாவது முயன்றீர்களா?

இரவுவானம்:
முயன்றேன். மறுநாள் "நேற்று எங்கே போனீர்கள்?" என்று கேள்வி வந்தது. அப்புறம் தைரியம் வரவில்லை. ஆனால் நூல்கண்டு எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. இரவு ஒன்பதரை மீட்டிங்கைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று நாளை என் மேலாளரிடம் நேராகக் கேட்கப் போகிறேன். என்ன பதில் வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.