கென்ய மேட்டுநிலச் சொலானத்துக்கு ‘வளைமுள் கத்தரி’

நண்பர்களுக்கு வணக்கம்.

சொலானம் கேம்பைலகாந்தம் (Solanum campylacanthum) என்ற ஆப்பிரிக்க முட்புதருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வந்த பெயர்கள் மூன்று: இரவுநிழல், சோதோம் ஆப்பிள், ஆப்பிரிக்கச் சுண்டை. மூன்றுக்கும் என் மனம் ஒப்பவில்லை.

மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி என்று இந்தச் சொலானம் பேரினத்துச் செடிகளுக்குப் பெயர் சூட்டிய மொழிக்கு, நைட்ஷேட் என்ற ஆங்கிலப் பெயரின் சொல்லுக்குச்சொல் பெயர்ப்பான ‘இரவுநிழல்’ தேவையே இல்லை. சோதோம் ஆப்பிள் என்ற பெயரோ எருக்கின் ஓர் இனத்துக்கும் வழங்குகிறது.

சுண்டையைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். முள்ளையும் அகன்ற இலையையும் பார்த்தால் அந்த நினைவு வருவது இயல்பே. ஆனால் சுண்டை வெள்ளையாகப் பூக்கும். இது பெரும்பாலும் ஊதாவாகப் பூக்கும். உறவுமுறையும் வேறு. சுண்டையின் பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். இதுவோ நாம் சமைக்கும் கத்தரிக்காயின் நெருங்கிய காட்டு உறவு. ஆகவே ‘கத்தரி’ என்று முடிவதே முறை.

எந்தக் கத்தரி? நெடுங்காலம் இதைச் சொலானம் இன்கானத்துடன் சேர்த்தே எழுதினார்கள். இப்போது இரண்டும் தனித்தனி இனங்கள். இன்கானம் என்றால் நரைத்தது, கேம்பைலகாந்தம் என்றால் வளைந்த முள்ளுடையது. நரைக்கத்தரி, வளைமுள் கத்தரி என்று வைத்தால் அந்தப் பிரிவினை தமிழிலும் நிலைக்கும். ‘ஆப்பிரிக்கக் கத்தரி’ என்றால் இரண்டும் மறுபடி கலந்துவிடும்.

இந்தத் துல்லியம் நமக்கு உடனே தேவைப்படுகிறது. கென்யாவின் லைக்கிப்பியா மேட்டுநிலத்தில் யானை, இம்பாலா மான், டிக்டிக் என்ற குறுமான் மூன்றையும் படிப்படியாக வேலிக்கு வெளியே நிறுத்திப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. ஏறத்தாழ 5 ஆண்டுகளில், ஒவ்வொரு விலங்கு விலகியபோதும் இந்தப் புதர் மேலும் பெருகியது. மூன்றும் இருந்த இடத்தில்தான் மிகக் குறைவு. இத்தனைக்கும் யானையும் இம்பாலாவும் அதன் விதையைப் பரப்பவும் செய்கின்றன! ஆடுமாடுகளுக்கு நஞ்சாகும் செடி என்பதால் அங்குள்ள மேய்ச்சல்காரர்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை. இதைத் தமிழில் எழுத வருபவர் ‘சுண்டை’ என்று எழுதினால், வாசகர் வத்தல் போடும் காயை நினைத்துக்கொள்வார். நச்சுச் செடிக்கு அந்தப் பெயர் ஆபத்தானது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் மக்கள் இந்தச் செடிக்குச் சொல்லும் ‘எந்துலேலெய்’ என்ற பெயரையும் இந்தச் சொல்லுக்கான பதிவில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புணர்ச்சிப்படி ‘வளைமுட்கத்தரி’ என்றாகும். தேடுபொறியில் எளிதில் கிடைக்க ‘வளைமுள் கத்தரி’ என்று பிரித்தே தலைச்சொல்லாக வைத்து, சேர்ந்த வடிவத்தை மாற்றுவடிவமாகக் குறிக்கலாம். இலக்கணம் அறிந்தவர்களுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.