தீயைத் தாண்டித் தெரியுமா தெரியாதா?

பீப்ஹோல் பாண்டி:
ஃபர்னஸுக்கு எந்த தெர்மல் கேமரா (சூட்டைப் படமாகக் காட்டுவது) நல்லது என்ற கேள்விக்கு நேற்று வார்ப்பட வேலு எழுதிய பதிலைப் படித்த எரிச்சல் இன்னும் போகவில்லை. "640×480 புள்ளி, 1,500 டிகிரி ரேஞ்ச், இவ்வளவு இருந்தால் எந்த ஃபர்னஸுக்கும் அந்த தெர்மல் கேமரா போதும்" என்கிறார். ரிஃபைனரி ஹீட்டருக்குள் எட்டிப் பார்க்கும் துளையான பீப்ஹோலில் ஒரு தடவையாவது முகம் காய்ந்தவர் இப்படி எழுதமாட்டார். கேஸ் தீக்கு அந்தப் பக்கம் இருக்கும் எண்ணெய் ஓடும் ட்யூபைப் பார்க்க 3.9 மைக்ரான் ஃபில்டர் வேண்டும். அந்த அலைநீளத்தில் கரியமில வாயுவும் நீராவியும் அநேகமாக மறைக்காது. சாதாரண 8–14 மைக்ரான் கேமராவை நீட்டினால் ட்யூபின் சூடும் வாயுவின் சூடும் கலந்து ஏதோ ஒரு எண் வரும். அதை ரிப்போர்ட் என்று கொடுத்துவிட்டுப் போகலாம்.

வார்ப்பட வேலு:
பாண்டி சார், கோவையில் எங்கள் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் மின்சாரத்தால்தான் சூடு, தீயே கிடையாது. இல்லாத தீயைத் தாண்டிப் பார்க்க ஃபில்டர் வாங்கவா? உருகிய இரும்பை எடுத்துப் போகும் லேடிலின் ஷெல்லில், அதாவது வெளி ஓட்டில், எந்த இடம் சூடாகிறது, உள்ளே சூடு தாங்கும் லைனிங் எங்கே தேய்ந்திருக்கிறது, இதுதான் எங்களுக்கு வேண்டும். அதற்கு 320×240 கூடப் போதும்.

பீப்ஹோல் பாண்டி:
"எந்த ஃபர்னஸுக்கும்" என்று எழுதியது யார், நானா? 3.9. சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜா சேகர்:
ஃபில்டர் போட்டாலும் சுவரின் சூடு ட்யூபில் பட்டுத் திரும்பி வருமே, அதை யார் கழிப்பது? சுவர் ட்யூபைவிடச் சூடாக இருக்கும்போது கழிக்காமல் விட்டால் ட்யூப் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பரப்பு எவ்வளவு சூட்டைக் கதிராக விடுகிறது என்ற எமிசிவிட்டி எண்ணைக் கேமராவில் வந்தபடி 0.95 என்றே விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஹைட்ரஜன் தயாரிக்கும் ரிஃபார்மர் ஃபர்னஸின் ட்யூபில் 20 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அங்கே 30 டிகிரி தப்பாகப் படித்தால்?

பீப்ஹோல் பாண்டி:
சேகர் அண்ணே, அது அடுத்த வகுப்புப் பாடம். ட்யூப் கண்ணில் பட்டால்தானே எமிசிவிட்டி? முதலில் 3.9.

வார்ப்பட வேலு:
எண்ணெய்த் தீயில் உங்கள் 3.9 என்ன கிழிக்கும்? புகைக்கரித் துகள் அந்த அலைநீளத்திலும் ஒளிரும். அதை மட்டும் சொல்லவே மாட்டீர்கள்.

பீப்ஹோல் பாண்டி:
எங்களுடையது கேஸ் பர்னர்.

வார்ப்பட வேலு:
அப்படியானால் "எங்கள் ஃபர்னஸுக்கு" என்று எழுதுங்கள். ஊருக்கே சட்டம் போடாதீர்கள்.

பீப்ஹோல் பாண்டி:
1,450 டிகிரி உருகிய இரும்பில் கே டைப் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் உலோகக் கம்பி) விடலாம் என்று போன வருடம் வாதாடியவர் எனக்குச் சட்டம் சொல்கிறார். 1,260-க்கு மேல் அது தாங்காது என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். நன்றி இன்னும் வரவில்லை.

வார்ப்பட வேலு:
ஷெல்லுக்குத்தான் சொன்னேன்! திரியைத் தோண்டிப் படியுங்கள்.

பீப்ஹோல் பாண்டி:
படித்தேன். "மெட்டல்" என்றுதான் இருக்கிறது.

ஷார்ஜா சேகர்:
திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் கேட்டதற்குப் பதில்?

தெர்மல் சேவை:
வணக்கம். எங்களிடம் கேமரா வாடகைக்குக் கிடைக்கும். நேரில் வந்து டெமோ காட்டுகிறோம்.

பீப்ஹோல் பாண்டி:
சண்டை நடக்கிற இடத்தில் சுண்டல் விற்க வந்துவிட்டார். 3.9 இருக்கிறதா ஐயா?

தெர்மல் சேவை:
ஆர்டர் கொடுத்தால் வரவழைக்கலாம்.

பீப்ஹோல் பாண்டி:
பார்த்தீர்களா! விற்கிறவரே ஒப்புக்கொண்டார்.

வார்ப்பட வேலு:
என்னத்தை ஒப்புக்கொண்டார்? கையில் இல்லை என்றார்.

ரோலிங் மில் ரவி:
சார், கேள்வி கேட்டது நான்தான். ரீஹீட்டிங் ஃபர்னஸ், ஃபர்னஸ் ஆயில் எரிக்கிறோம். வெளிச்சுவரைப் பார்க்கவா, உள்ளே சூடாகும் எஃகுக் கட்டியான பில்லட்டைப் பார்க்கவா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

பீப்ஹோல் பாண்டி:
தம்பி, 3.9.

வார்ப்பட வேலு:
ஆயில் என்கிறார், கண்ணில் பட்டதா?

பீப்ஹோல் பாண்டி:
பட்டது. கே டைப்காரர் கொஞ்சம் சும்மா இருந்தால் தம்பிக்கு விளக்கமாகச் சொல்வேன்.

வார்ப்பட வேலு:
ஷெல்லுக்குத்தான் சொன்னேன் என்று எத்தனை தடவை எழுதுவது?